கறுப்பு நூல் கட்டிய பொட்டலம்

உடையார்பாளையம்
4.10.2023, புதன்

பூவிழிக்கு,

அன்புள்ள என்று போட மனசு வரவில்லை. போனில் பேசினால் என் குரல் தெருவுக்கே கேட்கும். அதனால் எழுதுகிறேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்குப் போஸ்ட்மேன் ஒரு கவர் கொடுத்தார். அனுப்பியவர் இடத்தில் உன் பெயர், பெரம்பலூர் விலாசம். பிரித்தேன். உள்ளே மடித்த தாள்கள், கறுப்பு நூலால் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. நூலை அறுத்ததும் நடுவிலிருந்து ஒரு பொட்டலம் கீழே விழுந்து திறந்துகொண்டது. பழுப்புத் தூள். மூக்குப்பொடியைவிட மெல்லிசு. வீட்டுக்குள் காற்றே இல்லை, அது பாட்டுக்கு எழும்பிப் பறந்தது. பொட்டலத் தாள் முழுக்கக் கோணல்மாணலாகக் கிறுக்கல். மனுஷர் எழுதிய எழுத்தாகத் தெரியவில்லை.

இருபது நிமிஷம் எனக்குக் கை கால் ஓடவில்லை. தாளைத் தொடப் பயந்து, எதிரில் நின்றபடியே அந்தக் கிறுக்கலை என் நாள் நோட்டில் பார்த்து வரைந்துகொண்டு, குறி சொல்கிற கோடாங்கியிடம் போனேன். அவர் பார்த்ததும் உடுக்கையைக் கீழே வைத்துவிட்டார். "தாயே, தாள எல்லாம் எரிச்சுடு. தூள மஞ்சத்தண்ணி வுட்டுக் கழுவி வூட்டுக்கு வெளிய தள்ளிடு" என்றார். அப்படியே செய்தேன். தாள்களைப் பிரிக்காமல் எரித்தேன். தூளைப் பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கம் தள்ளி, மூன்று குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன்.

என் கூடப்பிறந்த தம்பி அமிர்தலிங்கத்தின் மகள் என்று உரிமையோடு, மூன்று வருஷம் முன்னால் என் மகன் கோகுலகிருஷ்ணனுக்கு உன்னைக் கேட்டுத் தட்டு அனுப்பினேன். நீ தட்டைத் திருப்பி அனுப்பினாய். உங்கள் வீட்டில் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன் என்று அன்றைக்கு மாரியம்மன் பேரில் சொன்னேன். இந்த ஆடியில் தம்பி செத்தபோதும் அரும்பாவூர் வந்து, அழுதுவிட்டு, காய்ந்த தொண்டையோடு பஸ் ஏறினேன். அத்தோடு விட்டிருக்கலாம். தபாலில் செய்வினை அனுப்புகிற அளவுக்குப் போவாய் என்று நினைக்கவில்லை.

இனி ஒன்றும் அனுப்பாதே.

ஜெகதாம்பாள்


பெரம்பலூர்
9.10.2023

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை நான் வேலை பார்க்கிற காலேஜ் லேப்பில் நின்றுகொண்டே படித்தேன். முடித்ததும் உட்கார இடம் தேடினேன்.

அந்தக் கவரில் என் கை பட்டது இரண்டே இடம். மேலே எழுதிய விலாசம், அந்தக் கறுப்பு நூல். அன்றைக்கு வீட்டில் அந்த நூல்தான் இருந்தது. மற்றதெல்லாம் அப்பா.

தையில் பக்கவாதம் வந்து அவருக்கு வலது கை போனது உங்களுக்குத் தெரியும். இடது கையால் எழுதப் பழகினார் என்பது தெரிந்திருக்காது; நீங்கள்தான் வரவில்லையே. அந்த இரண்டு தாளை எழுத அவருக்குப் பதினொரு நாள் ஆனது. ஒரு எழுத்துப் போடுவார், பேனா விழும், நான் எடுத்துக் கொடுப்பேன், "திரும்பிக்க" என்பார். நான் பார்க்கக் கூடாதாம். "அக்காவுக்கு எழுதறேன். நான் போனப்புறம் அனுப்பு. இருக்கையில அனுப்பினா பிரிக்காமலே திருப்பிடும். செத்தவன் காயிதத்த யாரு திருப்புவா" என்றார்.

நீங்கள் திருப்பவில்லை. எரித்துவிட்டீர்கள்.

அனுப்புநர் இடத்தில் அப்பா பெயரை எழுதத்தான் பேனாவை வைத்தேன். கை வரவில்லை. என் பெயரை எழுதிவிட்டேன். அது நான் செய்த தப்பு.

அது செய்வினைத் தூள் இல்லை. அப்பா பச்சைமலையிலிருந்து கொண்டுவந்து எங்கள் கிணற்றுச் சுவரில் வைத்தாரே பெரணிச்செடி, முடி மாதிரி கறுத்த காம்பு, தண்ணீர் பட்டால் நனையாத இலை, அதன் தூள். அந்தச் செடிக்குப் பூ கிடையாது, விதை கிடையாது. இலை ஓரத்து மடிப்பில் உண்டாகும் அந்தத் தூள்தான்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தத் தாள்களில் ஒரு வரி, ஒரு வார்த்தையாவது கண்ணில் பட்டதா?

பூவிழி


உடையார்பாளையம்
14.10.2023, சனி

பூவிழி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இரண்டு நாளாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போனேன்.

இன்றைக்கு மகாளய அமாவாசை. தம்பிக்குப் படைத்துவிட்டுக் காக்கைக்கு வைத்தேன். வந்தது, பார்த்தது, எடுக்காமல் போய்விட்டது. நான் ஓட்டின் கீழ் நின்றபடி சொன்னேன், டேய் லிங்கம், எனக்குத் தெரியாதுடா என்று. அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

நீ கேட்டதற்குப் பதில் என் நோட்டில் இருக்கிறது. பார்த்து எழுதுகிறேன். "3.10. மாலை 4.35. மடித்த தாள் இரண்டு, பொட்டலத் தாள் ஒன்று. கற்பூரம் ஆறு வில்லை. முழுக்க எரிந்தது." இவ்வளவுதான். ஒரு வார்த்தையும் பார்க்கவில்லை. பார்க்கவே கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு எரித்தேன். எதையும் விடாமல் எழுதிவைக்கிறவள் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. பதினொரு நாள் எழுதியதை ஆறு வில்லையில் முடித்தேன் என்பதையும் நேரம் போட்டு எழுதிவைத்திருக்கிறேன், பார்.

அவன் கையெழுத்து எனக்குத் தெரியாதா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவன் நோட்டை வாங்கிப் பார்த்துத்தான் நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கற்றுக்கொண்டதெல்லாம். தெரிந்தது வலது கை எழுத்து. கோடாங்கிக்கு வரைந்ததை எடுத்துப் பார்த்தேன், ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. ஏழு மாதத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்து கட்டில் பக்கத்தில் நின்றிருந்தால் இடது கையையும் பார்த்திருப்பேன்.

சோறு இறங்கவில்லை. அந்தச் செடியில் ஒரு கன்று கொடு. வேறு ஒன்றும் கேட்கமாட்டேன்.

அத்தை


பெரம்பலூர்
25.10.2023

அத்தைக்கு,

கன்று இல்லை.

ஆனி மாதம் கிணற்றுக்குச் சிமெண்ட் உறை இறக்கினோம். மேஸ்திரி பழைய சுவரைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டார். அப்பா கட்டிலில் கிடந்து கத்தினாராம். வாய் குழறியதால் தண்ணீர் கேட்கிறார் என்று அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். சாயங்காலம் நான் வந்தபோது மண்மேட்டில் வாடிக் கிடந்தது. பிழைக்கிற வேர் ஒன்றுமில்லை. ஒரு கொத்து இலையை மட்டும் எடுத்துச் செய்தித்தாளில் போட்டேன். மறுநாள் தாள் பூராவும் தூள். அதைத்தான் அப்பா உங்களுக்கென்று இடது கையாலேயே மடித்துவைத்தார்.

ஆக அந்தச் செடியில் மிச்சம் இருப்பது உங்கள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடப்பதுதான். மஞ்சள் தண்ணீரில் சாகாமல் இருந்தால், நிழலும் ஈரமும் இருந்தால், முளைக்கலாம். முளைக்காமலும் போகலாம். சோப்புத் தண்ணீர் விடாதீர்கள்.

இதற்கு மேல் எழுத எனக்கு இப்போது மனசில்லை.

பூவிழி


உடையார்பாளையம்
13.11.2023, தீபாவளிக்கு மறுநாள்

பூவிழி,

உன் கடிதம் வந்த அன்றே துணி துவைப்பதை மொட்டைமாடிக்கு மாற்றிவிட்டேன். கல்லுக்குப் பக்கத்தில் தூள் விழுந்த இடத்தை நினைவு வைத்து நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டியிருக்கிறேன். காலை ஆறுக்கு ஒரு சொம்பு, மாலை ஐந்துக்கு ஒரு சொம்பு, கிணற்றுத் தண்ணீர். மழை பெய்த நாளில் ஊற்றுவதில்லை. கோகுல், "என்னம்மா, சாக்கடைக்குக் கோயில் கட்டறியா" என்கிறான். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, வெளியே எழுந்து போய்விட்டான்.

தினம் காலையில் சாமி கும்பிட்டதும் போய்ப் பார்க்கிறேன். முளை ஒன்றும் இல்லை. நவதானியம் மூன்றாம் நாள் தலை காட்டும், இது நாற்பது நாள் ஆகிறது. இரண்டு வாரமாகச் செங்கல் மேல் பச்சையாகப் பாசி வேறு படிந்துவிட்டது. தூளுக்கு மூச்சு முட்டுமே என்று சனிக்கிழமை தேங்காய் நாரில் சாம்பல் தொட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். செங்கல் இப்போது புதுசு மாதிரி சிவந்திருக்கிறது. இனி முளைக்க இடைஞ்சல் இல்லை.

தீபாவளிக்கு அதிரசம் சுட்டேன். தம்பிக்குப் பிடிக்கும்.

அத்தை


பெரம்பலூர்
18.11.2023

அத்தை,

நீங்கள் தேய்த்து எடுத்ததுதான் அது.

இதை முதலிலேயே விவரமாக எழுதாதது என் குற்றம். உங்கள் மேல் இருந்த கோபத்தில் நாலு வரியோடு நிறுத்தினேன். நாலு வரிக்கு விலை இது.

தூளிலிருந்து நேராகப் பெரணி முளைக்காது. முதலில் அதற்கு வேறொரு பிள்ளை பிறக்கும். அது செடி மாதிரியே இருக்காது. தண்டு இல்லை, காம்பு இல்லை, நிஜமான வேரும் இல்லை. பச்சையாகப் படர்ந்து, பிறகு மிளகைவிடச் சின்னதாக, வெற்றிலை வடிவத்தில், தரையோடு தரையாக ஒட்டிக்கிடக்கும். பார்ப்பவர்கள் பாசி என்றுதான் நினைப்பார்கள். அது தனியாக வாழும். தானே வெயில் வாங்கி, தானே ஈரம் குடித்து. அதன் அடிப்பக்கத்தில்தான் ஆணும் பெண்ணும் உண்டாகும். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றால் அதில் ஆண் நீந்திப் போய்ச் சேரும். தண்ணீர் இல்லாவிட்டால் சேராது. சேர்ந்த பிறகுதான் அந்த வெற்றிலைக்குள்ளிருந்து நமக்குத் தெரிந்த பெரணி எழும்பும். எழும்பியதும் வெற்றிலை காய்ந்து மறைந்துவிடும்.

இதை அப்பாவுக்குக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். வாயைக் கோணிக்கொண்டு சிரித்தார். "அப்போ பேரன் பாட்டன மாதிரி இருப்பான், நடுவுல பொறந்தது மட்டும் யாரு மாதிரியும் இருக்காது. நம்ம வூட்டுல இருக்கிற மாதிரி" என்றார். என்னைத்தான் சொன்னார்.

நீங்கள் தேய்த்தது பெரணிப் பிள்ளையாக இல்லாமல் வெறும் பாசியாகவும் இருந்திருக்கலாம். இங்கிருந்து எனக்குத் தெரியாது. நார் எட்டாத இடம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். கை வைக்காதீர்கள். கண்ணால் பாருங்கள்.

பூவிழி


உடையார்பாளையம்
30.12.2023, சனி

அன்புள்ள பூவிழி,

ஒன்றரை மாதம் எழுதவில்லை. பார்க்காமல் எதை எழுதுவது.

துவைக்கிற கல்லை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்திருக்கிறது. அடியில் நாலு விரல் சந்து. நார் உள்ளே போகாது. மார்கழி ஆறாம் தேதி காலை, திருவெம்பாவை படிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, தரையில் கன்னம் படுகிற மாதிரி படுத்துப் பார்த்தேன். பால்காரர் நான் விழுந்துவிட்டேன் என்று ஓடிவந்தார்.

வெற்றிலைதான் பூவிழி. நீ எழுதியபடியே. எறும்பு தூக்கிக்கொண்டு போகலாம், அவ்வளவு சின்ன வெற்றிலை. சந்துக்குள் பதினேழு, சாக்கடை விளிம்பில் ஒதுங்கி இருபத்து நாலு. ஆக நாற்பத்தொன்று. மூன்று தடவை எண்ணினேன்.

எனக்கு ஐம்பத்தாறு வயசு. பயறணீஸ்வரர் கோயில் குளத்துப் படியில், எங்கள் கிணற்றடியில், தொட்டியில், எத்தனை தடவை பச்சையாக எதையாவது பார்த்து அழுக்கு என்று தேய்த்திருப்பேன். அதெல்லாம் பாசியா, யாருடைய பிள்ளையா என்று இப்போது எப்படிச் சொல்வது. சுத்தம் என்று நான் சாமிக்குக் காட்டியதில் எது எது இருந்ததோ. அன்றைக்குப் பூஜையில் உட்கார முடியவில்லை.

தாயைப் போல இல்லாமல் ஒரு பிள்ளை. கூட இருக்கத் தாயும் இல்லை. அது பாட்டுக்குத் தரையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. இதில்தான் ஆணும் பெண்ணும் என்றால் பெரிய செடி யார், அது என்ன என்று கோகுலிடம் கேட்டேன். "எனக்கே பொண்ணு கெடைக்கல, என்னப் போய்க் கேக்கற" என்கிறான்.

அவன் அப்படிச் சொன்னதும்தான் நினைத்தேன். நீ ஏன் வேண்டாம் என்றாய் என்று நான் உன்னைக் கேட்டதே இல்லை. தட்டு திரும்பி வந்ததும் கத்தினேன், சபதம் போட்டேன், மூன்று வருஷம் ஆயிற்று. கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். சண்டைக்கு இல்லை.

அத்தை


பெரம்பலூர்
6.1.2024

அன்புள்ள அத்தை,

நாற்பத்தொன்று என்று படித்ததும் லேப்பில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதுவிட்டேன்.

கோகுல் அத்தானிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. தட்டு வந்த அன்று நான் ஆறு மணி பஸ்ஸில் அரும்பாவூர் போய் இறங்கினேன். வீட்டில் நீங்கள் அனுப்பிய தட்டு இருந்தது. வெற்றிலை ஓரம் வாடியிருந்தது. காலையிலேயே வந்துவிட்டதாம். எனக்கு என்று வந்தது, எனக்குக் கடைசியில் தெரிந்தது. அம்மா, "அத்த வூட்டுக்குப் போறதுக்கு உன்ன என்னடி கேக்கறது" என்றாள். கேட்டிருந்தால் சரி என்றுகூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்காததால் வேண்டாம் என்றேன். பிறகு அதில் நின்றுவிட்டேன்.

அப்பா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒரு நாளும் திட்டவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி வாசலில் போய் நிற்பார், நீங்கள் வருவீர்களா என்று. வரமாட்டீர்கள். உள்ளே வந்து என்னிடம் சாதாரணமாகப் பேசுவார். அக்காவை இழந்தது என்னால் என்று மனசுக்குள் வைத்திருந்தாரா, இல்லையா, எனக்குத் தெரியாது. பதினொரு நாள் திரும்பி உட்கார்ந்திருந்தேனே, பேனா கீறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அதைத்தான் யோசித்தேன். இப்போது என்னைத்தான் எழுதுகிறாரா என்று.

நீங்கள் படித்துவிட்டு என்னைத் திட்டி எழுதினால் தெரிந்துகொள்ளலாம் என்று இருந்தேன். அந்தத் தாள் உங்களுக்கு மட்டும் வேண்டியதில்லை அத்தை. எனக்கும் வேண்டியிருந்தது.

செடியைப் பத்திரமாகப் பாருங்கள்.

பூவிழி


உடையார்பாளையம்
22.1.2024

அன்புள்ள பூவிழி,

இது நான்தான். இடது கை. பயப்படாதே.

போகி அன்று காலை சொம்போடு போனேன். பாசியில் வழுக்கியது. வலது மணிக்கட்டு உடைந்தது. அரியலூர் ஆஸ்பத்திரி. மாவுக்கட்டு. மூன்று நாள்.

திரும்பி வந்தேன். பின்கட்டு வெள்ளையாக இருந்தது.

கோகுல். என் மேல் இருந்த பாசத்தில். அம்மா மறுபடி விழக்கூடாது என்று. பிளீச்சிங் பவுடர் கொட்டி, பிரஷ் போட்டு. குச்சி, கயிறு எல்லாம் எடுத்துவிட்டு. அவனுக்குக் கயிற்றுக்குள் இருப்பது மட்டும்தான் செடி என்று நினைப்பு. அங்கே எதுவும் முளைக்கவில்லையே, வெறும் பாசிதானே என்று கேட்டான். வெற்றிலையை அவனுக்கு நான் காட்டவே இல்லை. என் நோட்டில் மட்டும் வைத்துக்கொண்டேன்.

சாக்கடை விளிம்பில் இருபத்து நாலும் போயிற்று. சந்துக்குள் குனிய முடியவில்லை.

அவனைத் திட்டவில்லை. நான் செய்யாததையா செய்தான்.

இந்த அரைப் பக்கம் எழுத எனக்கு இரண்டு நாள்.

அத்தை


பெரம்பலூர்
27.1.2024

அத்தை,

கவர் மேல் எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'பூ' என்ற எழுத்தின் கால் அப்பா போடுவது போலவே கீழே இழுத்துக்கொண்டு போகிறது. அப்பா என்றே நினைத்துவிட்டேன். ஒரு நிமிஷம் இல்லை, அதற்கு மேல். வாசலிலேயே நின்றேன். பிரிக்கப் பயமாக இருந்தது. தெரியாத எழுத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கை ஆறட்டும். சந்துக்குள் பார்க்க வேண்டாம். நடந்தது நடந்துவிட்டது. தண்ணீர் ஊற்றக்கூடப் போகாதீர்கள், மறுபடி வழுக்கும்.

பூவிழி


உடையார்பாளையம்
24.3.2024, ஞாயிறு

அன்புள்ள பூவிழி,

நாளைக்குப் பங்குனி உத்திரம். காவடி பார்க்கப் போகிற கூட்டம் தெருவில் போய்க்கொண்டிருக்கிறது. நான் போகவில்லை. இதை எழுதி முடித்துவிட்டு வேறு வேலை.

கட்டுப் பிரித்துவிட்டார்கள். ஆனாலும் இதை இடது கையால்தான் எழுதுகிறேன். காரணம் வரும்.

நீ வேண்டாம் என்று எழுதியும் தண்ணீர் நிற்கவில்லை. கோகுல் ஊற்றினான். நான் சொல்லவில்லை. தினம் ஆறு மணிக்குச் சொம்போடு போய், சந்துக்குள் ஊற்றிவிட்டு வேலைக்குப் போவான். முதல் நாளே படுத்து டார்ச் அடித்துப் பார்த்து, "அம்மா, உள்ள மருந்து போகல, ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கு" என்றான். எனக்கு நம்பிக்கை இல்லை. எண்ணவில்லை. நோட்டிலும் எழுதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைதான் நோட்டை எடுத்தேன். முன்பக்கம் தீர்ந்துவிட்டது. சரி என்று பின்னாலிருந்து எழுதத் திருப்பிப் பிடித்தேன், தலைகீழாக. புரட்டிக்கொண்டே வரும்போது அக்டோபர் மாதத்துப் பக்கம் வந்தது. கோடாங்கிக்குக் காட்ட வரைந்தேனே, அந்தக் கிறுக்கல். தாளைத் தொடாமல் எதிரில் நின்று வரைந்தது. அதாவது தலைகீழாகப் பார்த்து, தலைகீழாகவே வரைந்திருக்கிறேன். இப்போது நோட்டு திரும்பியதும் அது நேராக நின்றது.

பூவிழி, அது எழுத்து. மந்திரமும் இல்லை, சக்கரமும் இல்லை. தமிழ். இரண்டு மாதம் இடது கையால் எழுதியவளுக்கு இடது கை எழுத்து புரிகிறது. எனக்கும் 'ழ' இப்படித்தான் சாய்கிறது, 'டு' இப்படித்தான் படுத்துக்கொள்கிறது. கோகுலைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். ஒரு வரி நான் வரைந்ததில் சிதைந்திருக்கிறது, என்ன செய்தும் வரவில்லை. மற்றது இது.

அக்கா
நிழலில் போடு. ஈரம் காயவிடாதே
பாசி மாதிரி வரும். தேய்ச்சுடாதே, உன் குணம் எனக்குத் தெரியும்
அதுவும் நம்ம பிள்ளைதான்
அது பாட்டுக்கு விடு

"மாமா உன்ன நல்லாத்தான் தெரிஞ்சு வச்சிருக்காரு" என்றான் கோகுல். எல்லாமே என் வீட்டில், என் கையால் எழுதிய நோட்டில், ஐந்து மாதமாக இருந்திருக்கிறது. நான் தேங்காய் நாரில் சாம்பல் தொட்ட அன்றைக்கும் அலமாரியில் இருந்தது. இதை நான் எந்தச் சாமியிடம் போய்ச் சொல்ல.

எரிந்த இரண்டு தாளில் என்ன இருந்தது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அதை நான் திருப்பித் தர முடியாது. இந்த நாலு வரி செடியைப் பற்றி எழுதியது. இதில் நான் வேறு அர்த்தம் எதுவும் கட்டவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அவன் பிறந்தபோது தொட்டில் ஆட்டியவள் நான். பொட்டலத்தில் இப்படி எழுதுகிறவன் அடுத்த தாளில் பெற்ற மகளைக் குறை சொல்லி எழுதமாட்டான். அவன் மனசில் உன் மேல் எதுவும் இருந்திருந்தால் இந்தத் தூளை உன் கையில் கொடுத்து அனுப்பியிருக்க மாட்டான். நீ நிம்மதியாகத் தூங்கு. திட்டியிருந்தால் என்னைத்தான் திட்டியிருப்பான். அது எனக்கு வேண்டும்.

நோட்டுப் பக்கத்தைக் கிழித்து இத்தோடு வைத்திருக்கிறேன். வரைந்தது என் கைதான், ஆனால் எழுத்து அவனுடையது. அதைப் பார்த்தபடி வலது கையால் பதில் எழுத எனக்கு வரவில்லை.

இன்னொன்று. படித்து முடித்த அன்று சாயங்காலம் டார்ச்சை வாங்கிக்கொண்டு நானே படுத்துப் பார்த்தேன். சந்துக்குள் பதினேழு இருந்ததல்லவா, இப்போது ஆறு. அதில் ஒன்றின் நடுவிலிருந்து கறுப்பாக முடி மாதிரி ஒன்று எழும்பி, நுனியில் பிறந்த குழந்தை விரலை மடக்குவது போலச் சுருட்டி வைத்திருந்தது. வியாழக்கிழமை விரிந்தது. ஒரே ஒரு இலை, என் சுண்டுவிரல் நகம் அளவு. தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். நனையவில்லை, முத்து மாதிரி உருண்டு ஓடியது. அதைச் சுமந்த வெற்றிலை ஓரத்தில் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது.

செங்கல்லோடு பெயர்த்து உனக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டதற்குக் கோகுல், "மாமா என்ன எழுதியிருக்காரு, திருப்பிப் படி" என்றான். அதனால் தொடவில்லை. அது இங்கேயே இருக்கும். நீ எப்போது வேண்டுமானாலும் வந்து பார். தட்டு, பேச்சு ஒன்றும் கிடையாது. கோகுல் சாக்கடைக் கோயில் பூசாரியாகிவிட்டான், உனக்குத் தீபம் காட்டுவான்.

ஆனால் முதலில் நான் வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பஸ். அரியலூரில் மாறி, பெரம்பலூரில் மாறி, அரும்பாவூர் வந்து சேர மதியம் ஆகும். நீ லீவு போட்டுவிட்டு வீட்டில் இரு. பங்குனி வெயில். வழியில் எதுவும் குடிக்கமாட்டேன். மாரியம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

வாசலில் நின்று தண்ணீர் கேட்பேன். உங்கள் கிணற்றுத் தண்ணீர், ஒரு சொம்பு நிறைய. நீயே கொண்டுவந்து கொடு.

அத்தை